ஓட்டியவர் பெயர்

வண்டியின் கதவைத் திறந்தால் இன்னும் புதுப் பெயின்ட் வாசனைதான் வருகிறது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. வெயிலில் நிறுத்தினால் வாசனை இன்னும் தூக்கலாக அடிக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. என் வீட்டுக்காரர் தலை வலிக்கிறது என்கிறார். இடது பக்கக் கதவு, முன் ஹெட்லைட் எல்லாம் புதுசு. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் முழுசாகப் பாஸாகிவிட்டது. இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆன பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

ஆமாம், வண்டியை இடித்துவிட்டேன். நானேதான் இடித்தேன். சிரிக்காதே.

சுந்தரபாண்டியத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தேன். கிருஷ்ணன்கோவில் வரும் ரோட்டில், வலது பக்கத் தோப்பிலிருந்து ஓர் ஆட்டு மந்தை திடுதிப்பென்று குறுக்கே இறங்கியது. பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடித்தேன். ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வண்டி உரசிக்கொண்டு நின்றது. ஆட்டுக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. ஆட்டுக்காரர் ஓடிவந்து குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். முன் சீட்டு, பின் சீட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "டிரைவர் எங்கம்மா? ஓடிட்டானா?" என்று கேட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"நான்தான் ஓட்டுனேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் பதில் என்று நினைவுக்கு வந்தது.

மில் ஆபீஸில் நம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நாற்பத்தைந்து வயசில் டிரைவிங் ஸ்கூலில் சேரலாம் என்று நீ சொன்னபோது, உனக்குக் கிறுக்கா என்று கேட்டேன். அடுத்த வாரமே உன்னோடு போய்ப் பணம் கட்டினேன். முதல் நாள் நான் ஏழு தடவை வண்டியை ஆஃப் ஆகவிட்டேன். நீ முதல் நாளே ரிவர்ஸ் எடுத்தாய். நான் ஓட்டும்போது பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, மாஸ்டர் பேச்சை அப்புறம் கேளு, மொதல்ல இன்ஜின் பேச்சைக் கேளு" என்பாய். மாஸ்டருக்கு உன்மேல் கடுப்பு. லைசென்ஸ் கைக்கு வந்த அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கி, கடை வாசலில் நின்றபடியே அரைக் கிலோவைத் தீர்த்தோம்.

நாலு மாதம் நீ ராஜபாளையத்தில் ஓட்டாத தெரு கிடையாது. அப்புறம் அந்தக் கடைத்தெரு விஷயம் வந்தது. முன்னால் போன லோடு ஆட்டோ சட்டென்று நின்றுவிட்டது. நீ நன்றாகத்தான் பிரேக் பிடித்தாய். அப்படியும் பம்பர் தொங்கிவிட்டது, ஒரு லைட் உடைந்தது. நான் பக்கத்து சீட்டில் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒருத்தர், "ஓட்டுனது யாரு?" என்று குரல் கொடுத்தார். நீ இறங்கி நின்று சேலையைச் சரிசெய்துகொண்டு, "நான்தான் ஓட்டுனேன். அதுக்கென்ன இப்ப?" என்றாய். கூட்டம் தன்னால் கலைந்தது. அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சாயங்காலம் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிளெய்ம் ஃபாரம் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பேனாவை என்னிடம் தந்தீர்கள். வண்டி நம்பர், விபத்து நடந்த இடம், நேரம் எல்லாம் எழுதிவிட்டேன். 'ஓட்டியவர் பெயர்' என்ற இடத்துக்கு வந்ததும் உன் கணவர், "எம் பேரப் போடுங்கம்மா. பொம்பள ஓட்டுனதுன்னா ஆயிரம் நொட்டை சொல்லுவான். எம் பேருன்னா லேசா முடிஞ்சிரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "எழுதுட்டி, என்ன யோசனை" என்றாய். எழுதினேன், அவர் பெயரை, முத்து முத்தாக.

பத்து நாளில் கிளெய்ம் வந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். அதற்கு அப்புறம் நீ சாவியைத் தொடவே இல்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, ஏன் இப்போதெல்லாம் ஓட்டுவதில்லை என்று கேட்டேன். "நான் ஓட்டலைன்னுதான எழுத்துல இருக்கு. ஓட்டாதவளுக்கு என்னத்துக்குச் சாவி?" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பில் என்மேல் ஒரு வருத்தம் இருந்தது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. புரிந்த பிறகும் வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ பேசினோம். அதை மட்டும் நான் பேசவில்லை. வெட்கமாக இருந்தது.

அதனால்தான் பாலத்தில் வண்டி உரசி நின்றதுமே, சேதத்தைக் காட்டிலும் அந்த ஃபாரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. சுவரோடு சேர்த்து வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். ஆட்டுக்காரரையும் ஆடுகளையும்கூட எடுத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். அங்கிருந்தே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்கினேன்.

மறுநாள் ராஜபாளையம் ஒர்க்‌ஷாப்புக்கு வீட்டுக்காரரும் கூட வந்தார். சூப்பர்வைசர் பாதி ஃபாரத்தை அவரே நிரப்பி வைத்திருந்தார். என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டி, "சார், உங்க லைசென்ஸ்" என்றார். இவரும் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தன்பாட்டுக்கு நடந்தது.

"அவிய ஓட்டலை. நான்தான் ஓட்டுனேன்" என்றேன்.

"அது தெரியும் மேடம். கிளெய்முக்கு சார் பேரு இருந்தா சிக்கல் வராது. நெறைய பேரு இப்படித்தான் போடுதாங்க."

"என் பேரை எழுதுங்க."

வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "கிளெய்ம் தள்ளிப்போச்சுன்னா அம்புட்டும் நம்ம தலையில விழும். செத்த நேரம் பேசாம இரு" என்றார்.

எனக்கு அப்போது வந்த கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. பாதி என்மேல். "தள்ளிப்போனா போகட்டும். என் சம்பளத்துல நான் கதவு மாட்டிக்கிடுதேன். ஓட்டுனது நான். எழுதுறதும் நான்தான்" என்று ஃபாரத்தை இழுத்தேன். கோபத்தில் பேனாவை அழுத்தி எழுதினேன். முத்து முத்தாக ஒன்றும் வரவில்லை, கோழி கிளறின மாதிரி இருந்தது. ஆனாலும் என் பெயர், இனிஷியலோடு, என் லைசென்ஸ் நம்பரோடு.

இனிமேல்தான் வேடிக்கை. சூப்பர்வைசர் இவருடைய லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சார், இது முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சே" என்றார். எட்டு மாதமாக இவர் அதை வைத்துக்கொண்டுதான் தளவாய்புரம் வரைக்கும் போய் வந்துகொண்டிருக்கிறார். நான் ஓட்டும்போது மட்டும், "மெதுவா, மெதுவா" என்று நூறு தடவை சொல்வார். அவர் பெயரைப் போட்டிருந்தால் கிளெய்ம் அந்த மேஜையைத் தாண்டியிருக்காது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இரு என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சேதத்தை அளக்கிற சர்வேயர் வந்தார். கதவில் ஒட்டியிருந்த பாலத்துச் சுவரின் கறுப்பு மஞ்சள் பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவரும் முதலில் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். வீட்டுக்காரர் என்னைக் கை காட்டினார்.

"எந்த கியர்ல வந்தீங்க?"

"மூணுல வந்தேன். ஆட்டைப் பாத்ததும் ரெண்டுக்கு வந்தேன்."

"ஹாரன் அடிச்சீங்களா?"

"இல்ல சார். அடிச்சா ஆடு மிரண்டு நேரா டயருக்குத்தான் வரும். வலது பக்கம் ஆடு, இடது பக்கம் சுவரு. சுவரு போதும்னு ஒடிச்சிட்டேன்."

போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆட்டுக்காரர் போட்டோ வந்ததும் லேசாகச் சிரித்தார். பிறகு, "முக்காவாசிப் பேரு பக்கத்து சீட்ல இருந்து பாத்த மாதிரியே கதை சொல்லுவாங்க. நீங்கதான் ஓட்டுன மாதிரி சொல்றீங்க" என்றார்.

"ஓட்டுனதுனாலதான் சார்."

கதவைத் தட்டி நிமிர்த்தினால் சரிவராது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். நீ மட்டும் அங்கே நின்றிருந்தால் என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டிருப்பாய். அந்த அடிக்கு என் தோள் அன்றைக்கு ஏங்கியது, உண்மையாகச் சொல்கிறேன்.

நேற்று என் வீட்டுக்காரரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஓட்ட, அவர் புதுக் கதவை ஒட்டி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழி நெடுக ஒரு 'மெதுவா' கூட வரவில்லை. திரும்பும்போது ரோட்டில் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் நேராக இடது பக்க ஜன்னலுக்கு வந்து இவரிடம், "சார், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் காட்டுங்க" என்றார்.

இவர் என் பக்கம் கையைக் காட்டி, "அவிய ஓட்டுதாவ. அவியகிட்ட கேளுங்க" என்றார்.

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் என்னை மரியாதையாக 'அவிய' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. போலீஸ்காரர் வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். அவர் வந்து சேரும் வரைக்கும் நான் அவசரப்படாமல் காத்திருந்தேன். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, போங்க" என்றார். கியரைப் போட்டேன்.

ராஜபாளையம் வந்து சேரும்வரை நீ பஸ் ஸ்டாப்பில் சொன்னதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். உன் ஃபாரம் இப்போது எந்த அலமாரியில் கிடக்கிறதோ, கிழித்தே போட்டுவிட்டார்களோ, தெரியாது. அதை இனித் திருத்த வழியில்லை. அதனால் இந்தக் காகிதத்தில் எழுதி வைக்கிறேன்.

அன்றைக்கு ராஜபாளையம் கடைத்தெருவில் வண்டியை ஓட்டியது நீ. நன்றாகத்தான் ஓட்டினாய். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள் நான். கீழே என் கையெழுத்தைப் போடுகிறேன்.