சாவடிக்கு வெளியே நிற்கிறவர்கள்

மலையடிவாரம், பேரையூர் தாலுகா
27.7.1983

அன்பு மகன் முத்துக்கருப்பனுக்கு அப்பா பேயாண்டி எழுதுவது. வடக்கே பிலாயில் நீ சுகமாக இருக்கக் கருப்பசாமி துணையிருக்கட்டும். இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. எனக்குச் சோறே இறங்கவில்லை, எல்லாம் உன் தம்பி காளையால்தான்.

நம் மலைச்சரிவில் இருக்கிற பழைய மரங்களை வெட்டிவிட்டுத் தைலமரம் வைக்க ஒரு காண்ட்ராக்டர் கேட்கிறார், அதற்கு ஊர் சம்மதம் வேண்டுமாம். போன வாரம் சாவடியில் கூட்டம் போட்டோம். கல்யாணம் ஆனவன்தான் உள்ளே உட்கார்ந்து பேசலாம் என்பது உனக்குத் தெரியாததா, இளவட்டங்கள் வெளியே புளியமரத்தடியில் நின்றார்கள். காளை சும்மா நிற்கவில்லை. தேனெடுக்கப் போறது நாங்க, நாளைக்கு இந்த மலையில பொழைக்கப் போறதும் நாங்க, எங்களக் கேக்காம எப்படிக் குடுப்பீக என்று சத்தம் போட்டுவிட்டான். விருமாண்டி பெரியப்பாவுக்கு வந்ததே கோபம், தாலி கட்டாத பயலுக்கு ஊர்ப் பேச்சு எதுக்குடா என்று எகிறினார். பேச்சை ஆடி அமாவாசைக்குத் தள்ளிவைத்து எழுந்துவிட்டோம். மறுநாள் விடிந்ததும் இவன் வந்து நிற்கிறான், எனக்கு உடனே பொண்ணு பாருங்கப்பா, அமாவாசைக்குள்ள தாலியக் கட்டிட்டு உள்ள வந்து உக்காருறேன் என்கிறான். ஆடியில் எவனாவது தாலி கட்டுவானா? அதுவும் அண்ணன் நீ இருக்கும்போது! உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பார்த்தால் சோணை மகனும் இன்னும் சில பயல்களும் அவரவர் வீட்டில் இதையே கேட்டிருக்கிறார்கள். பேரையூர்க் கல்யாணத் தரகருக்குக் கொண்டாட்டம், மனுஷன் சைக்கிளில் இங்கேயே சுற்றுகிறார்.

நான் காளையை நன்றாக ஏசிவிட்டேன். பேச எடமில்லாத ஊர்ல எனக்கு என்னப்பா வேலை, நானும் அண்ணன்கிட்டயே போறேன் என்று பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டான். அம்மா மேலே ஏற்றுகிறாள், அவன் திரும்ப இறக்குகிறான். நடக்கும்போதெல்லாம் அது காலில் இடிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது முத்துக்கருப்பா. சாவடிக்குள் உட்காருகிற எங்களில் எவனுக்கு இப்போது மலையேற வலு இருக்கிறது? எந்தப் பாறையில் தேன் கட்டியிருக்கிறது என்று அந்தப் பயல்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். அவர்களும் வண்டியேறிவிட்டால் மரத்தை வைத்துக்கொண்டு என்ன, வெட்டிக் கொடுத்து என்ன.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், உன் அம்மாவுக்கே தெரியாது. அமாவாசையன்று நான் சாவடிக்குள் போகப் போவதில்லை. புளியமரத்தடியில் காளை பக்கத்தில் நிற்கப் போகிறேன். நானும் தாலி கட்டாதவன் என்று விருமாண்டி அண்ணன் சொல்லட்டும் பார்ப்போம். என் சம்மதம் வேண்டுமென்றால் அவர்கள் எழுந்து வெளியே வரட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. உனக்கும் தீர்க்காயுசும் நல்ல இடத்துப் பெண்ணும் அமையட்டும், அதில் அவசரமில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, உன்னிடம் வரட்டுமா என்று காளை கேட்டு எழுதினால் அமாவாசை கழியும்வரை வா என்று பதில் போடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
பேயாண்டி