நோயில்லை என்று திருப்பி அனுப்பப்படும் மனு

அனுப்புநர்
அ. நாகலட்சுமி,
உளவியல் ஆலோசகர் (ஒப்பந்தப் பணி),
மனநல ஆலோசனை மையம்,
வாழவந்தி நாடு, கொல்லிமலை.

பெறுநர்
சிறப்பு அலுவலர் அவர்கள்,
மலைவாழ் மக்கள் குறைதீர் பிரிவு.

பொருள்: காட்சிமுனைச் சாலையில் கடை வைக்க இடம் கேட்டு திருமதி பெருமாயி உள்ளிட்ட ஒன்பது பெண்கள் கொடுத்த மனு, "மனநல ஆலோசனை வழங்கப்பட்டது" என்று முடித்து வைக்கப்பட்டதை ரத்து செய்து மீண்டும் விசாரிக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் அனுப்பிய இரண்டு கடிதங்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

என் முந்தைய இரண்டு கடிதங்களையும் படிக்கத் தங்களுக்கு நேரம் வாய்த்திருக்காது என்றே எடுத்துக்கொள்கிறேன். எனவே தொடக்கத்திலிருந்து மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

1. காட்சிமுனைக்குப் போகும் சாலையோரத்தில் ஒன்பது மலைவாழ் பெண்கள் பல வருடங்களாகப் பலா, அன்னாசி, வாழை, மிளகு விற்று வந்தார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று சென்ற தை மாதம் அவர்களை அங்கிருந்து எழுப்பிவிட்டார்கள். மாற்று இடம் என்று காட்டப்பட்டது கழிப்பறைக் கட்டடத்தின் பின்புறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே பொழுதுக்கும் உட்கார்ந்து பார்த்தேன். எங்களைத் தேடி வந்தவர் ஒரே ஒருவர். அவரும் கழிப்பறைக்கு எந்தப் பக்கம் போவது என்று கேட்கத்தான் வந்தார்.

2. தங்கள் பிரிவு நடத்திய முகாமில் பெருமாயி மனு கொடுத்தார். பேசும்போது குரல் உயர்ந்தது, அழுகையும் வந்துவிட்டது. அவர் பேசியதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அழுததை மட்டும் குறித்துக்கொண்டார்கள். "மனுதாரர்கள் மன உளைச்சலில் உள்ளனர், ஆலோசனைக்கு அனுப்பலாம்" என்று மனுவின் ஓரத்தில் எழுதி, அந்த மனுவோடு ஒன்பது பேரையும் என்னிடம் அனுப்பிவைத்தார்கள். வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எடம் குடுக்கற மேடம் நீங்கதானுங்களா?" என்பது. இல்லை என்று சொல்லி உள்ளே அழைத்தேன்.

3. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும் என்பது எங்கள் மைய விதி. நான் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரி. எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் மலைக்காரர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் என்பதால், இவர்களை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சந்தையில் பார்த்தது வேறு, இது வேறு. அத்தாயி என்பவர் வாசலிலேயே நின்றுகொண்டார். "கதவச் சாத்தித் தனியாப் பேசுனா வெளிய நிக்கறவங்க என்னமோ ஏதோன்னு நெனைப்பாங்க சாமி. எல்லாருக்கும் ஒரே கொறைதானுங்க. ஒண்ணா ஒக்காந்தே சொல்லிப்போடறோம்" என்றார். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. மையத்தின் முற்றத்தில் எல்லோருமாக உட்கார்ந்து பேசினோம். விதியை மீறியதாக என்னிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

4. அடுத்த வாரம், விதிப்படியே, மன அமைதிக்கான ஒலிப்பதிவைச் செல்போனில் போட்டுக் காட்டினேன். "கண்களை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு பசுமையான மலையில் நிற்கிறீர்கள். தூரத்தில் அருவி விழுகிறது. உங்களுக்கு எந்தக் கவலையும் இல்லை" என்று அதில் ஒரு பெண் பேசுவார். நகரத்தில் இருப்பவர்களுக்காகப் பேசியது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெருமாயி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஏங்கண்ணு, அந்த மலையில ஒரு எடம் கேட்டுத்தான எழுதிக் குடுத்தோம்? கண்ணத் தொறந்துக்கிட்டே அங்க நிக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு செல்போனை அணைத்துவிட்டேன். அன்று மாலை பஸ்ஸில் ஊருக்கு இறங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

5. பெருமாயிக்குத் தூக்கம் வரவில்லை என்பது உண்மை. திண்ணமாக எழுதுகிறேன், அது நோய் அல்ல. "மொளகுன்னா மூட்டையில கெடக்கும். பழுத்த பலா நாளைக்கு வரைக்கும் நிக்குமுங்களா?" என்று அவரே காரணத்தைச் சொல்லிவிட்டார். வீட்டில் பழம் அழுகுகிற வாடை அடித்துக்கொண்டிருக்கும்போது தூங்குகிறவரைத்தான் நான் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

6. இதையெல்லாம் அறிக்கையாக எழுதி, பழைய இடத்தையே திரும்பக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தேன். ஆலோசகரின் வேலை கேட்பது மட்டுமே, பரிந்து பேசுவது அல்ல என்று மேலிருந்து பதில் வந்தது. மக்களைத் தூண்டிவிடுவதாகவும் ஒரு வரி இருந்தது. மையத்தில் உடன் பணியாற்றும் எழுத்தர் கலைமணி நல்லவர். "நமக்கெதுக்குங்க மேடம் வம்பு, ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க" என்று அக்கறையாகத்தான் சொன்னார். ஐயா, எனக்கும் அலுத்துத்தான் போயிருக்கிறது. ஆனால் ஒருவர் காலை இன்னொருவர் மிதித்துக்கொண்டு நிற்கும்போது, வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவதற்கு நான் படிக்கவில்லை. காலை எடுக்கச் சொல்வதும் என் வேலைதான் என்று நம்புகிறேன். "குணமடைந்தனர்" என்ற அறிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். என் கையெழுத்து இல்லாமலேயே மனு முடிக்கப்பட்டிருக்கிறது.

எனவே, முடித்து வைத்த ஆணையை ரத்து செய்து, தாங்களே ஒருமுறை காட்சிமுனைக்கு நேரில் வந்து இரண்டு இடங்களையும் பார்த்து, அந்தப் பெண்களுக்குச் சாலையோர இடத்தைத் திரும்ப வழங்குமாறு மிகுந்த பணிவுடன் வேண்டுகிறேன். பலா ஓய்வதற்குள் வந்தால் நல்லது. நோயாளி என்று என்னிடம் அனுப்பப்பட்ட மனுவை, நோய் ஏதும் இல்லை என்ற சான்றுடன் தங்களிடமே திருப்பி அனுப்புகிறேன்.

ஒரு சிறு விண்ணப்பம். இதைப் படித்தபின், எனக்கும் மன உளைச்சல் என்று ஓரத்தில் எழுதி ஆலோசனைக்கு அனுப்பத் தோன்றலாம். இந்த வட்டாரத்துக்கு ஆலோசகர் நான் ஒருத்திதான். அந்தக் கோப்பும் என் மேசைக்கே வந்து சேரும். அதையும் திருப்பித்தான் அனுப்புவேன்.

இடம்: வாழவந்தி நாடு
நாள்: 16.06.2025

தங்கள் பதிலை இன்னமும் எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) அ. நாகலட்சுமி

இணைப்பு: பெருமாயி உள்ளிட்ட ஒன்பது பேரின் அசல் மனு.