இடமிருந்து மூன்றாவது கப்பல்

உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
மாசி 5, செவ்வாய்க்கிழமை.

இளவரசி அப்பாவுக்கு,

அகிலா எழுதிக்கொள்வது. ‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை, விட்டுவிட்டேன். இங்கே நானும் உங்கள் மகளும் உங்கள் அப்பாவும் உடம்பளவில் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. விசாரித்து முடித்துவிட்டேன். மண்ணடியில் ஒரு மெஸ்ஸில் விடிகாலை ஐந்து மணிக்கு வெங்காயம் உரிக்க ஆரம்பித்து, கடைசிப் பாத்திரம் கவிழ்க்கிற வரைக்கும் சுகமாகத்தான் இருக்கிறீர்களாம்.

கையில் இருக்கிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். கேட்டால் நடுக்கடல், சிக்னல் இல்லை என்று கட் பண்ணுவீர்கள். இல்லையென்றால் நான் அழுது தொலைப்பேன். காகிதத்தில் என்னை யாரும் நடுவில் நிறுத்த முடியாது. இந்தக் கடிதம் ஒரே ஒரு காரியத்துக்காக. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து உங்கள் மகளிடம் உங்கள் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கே, எப்போது என்று கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நான் திட்டி முடிக்க வேண்டும். ஒன்பது நாளாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

ஆடி மாதம் தெருவே கூடி உங்களை வழியனுப்பியது. முதல் தடவை ஒன்பது மாதம் கப்பல் சமையற்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் பெருமை. சென்னையில் மெடிக்கல் முடிந்தது, மும்பையில் கப்பலேறிவிட்டேன் என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன கேடு? கட்டின புருஷன் சொல்கிறார்.

கார்த்திகையில் இளவரசி பள்ளிக்கூடத்தில் விழா. மற்றப் பிள்ளைகளின் அப்பாமார்கள் முன்வரிசையில் உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள். அன்று சாயங்காலம் போனில் உங்களிடம் விக்கி விக்கி அழுதாள். உடனே நீங்கள் ஆரம்பித்தீர்கள். கப்பல் சென்னைக்கு வந்து வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது, இறங்க அனுமதி இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வந்தால் தூரத்தில் பார்க்கலாம். நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில், கூவம் கடலில் சேர்கிற இடத்து மணலில் நில்லுங்கள். இடமிருந்து மூன்றாவது கப்பல். நான் பைனாகுலரில் பார்ப்பேன், அடையாளத்துக்குப் பளிச்சென்று எதையாவது காட்டுங்கள். எவ்வளவு சுத்தமாகச் சொன்னீர்கள்! அழுகிற குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தருவார்கள். நீங்கள் ஒரு கப்பலையே வாங்கித் தந்தீர்கள்.

நெசவுக்கார வீட்டில் பளிச்சென்று காட்ட என்ன இருக்கும்? என் கல்யாணப் புடவை. குங்குமச் சிவப்பு, மாமா தன் மருமகளுக்கென்று தன் கையால் நெய்து கொடுத்தது. அதைத்தான் கொண்டு வருகிறோம் என்று இளவரசி முதல் நாளே போனில் உங்களிடம் சொல்லிவிட்டாள். பூச்சி உருண்டை வாசனையோடு அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோக்காரர்கள் கூப்பிடக் கூப்பிடக் கேட்காமல், கூவத்தை ஒட்டியே பாலம் வரைக்கும் நடந்தோம். அந்த நாற்றத்துக்கு இளவரசி துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். அரை வழியில் ஒரு வெள்ளைக் கொக்கைப் பார்த்தாள், கட்டை அவிழ்த்துவிட்டாள். அப்புறம் கொக்கு எண்ணுவதே வேலை. அன்றைக்குப் பதினேழு. இந்த ஆறு நேராக அப்பாகிட்டதான் போகுதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன், என்னை என்னத்தால் அடிப்பது?

மணலில் நின்று இரண்டு பேருமாகப் புடவையை விரித்தோம். காற்றில் என் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. சுண்டல் விற்கிற அம்மா கூடையை வைத்துவிட்டு ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தார். அதற்குள் உங்கள் போன். சிவப்பு தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது, கண்ணு கொஞ்சம் இடப்பக்கம் நில்லு என்றீர்கள். அவள் இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். அந்தக் கப்பலில் எந்த ஊர்க்காரன் இருந்தானோ. கரையில் ஒரு குடும்பம் கல்யாணப் புடவையை உதறிக்கொண்டு குதிப்பதைப் பார்த்து என்ன நினைத்தானோ.

மார்கழியில் ஒரு ஞாயிறு, இரண்டாவது தடவை. நானும் வருகிறேன் என்று மாமா கிளம்பிவிட்டார். எழுபத்தொரு வயது, இரண்டு முட்டியும் போன மனிதர். ஆற்றோரம் நூறு அடிக்கு ஒருதரம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தார். கடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். போன தடவை கறுப்பாக இருந்த கப்பல் இப்போது பச்சையாக இருக்கிறதே என்று இளவரசி கேட்டதற்கு, பெயின்ட் அடித்திருக்கிறோம் என்றீர்கள். ஒரு பொய்க்கு எத்தனை டின் பெயின்ட்! மாமாவிடம் போனைக் கொடுத்தேன். அப்பா, நீங்க நெய்ஞ்ச செவப்பு இங்கிருந்து ஜொலிக்குது என்று சொன்னீர்கள். அந்த மனிதர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊருக்கு வந்து அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. சாயக்காரரிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார். “நம்ம செவப்பு கடலைத் தாண்டித் தெரியுதுபா.”

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாம் எங்கேயும் போனதில்லை. தறி, அடுப்பு, கோயில், தறி. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு, குழந்தையோடு ஆற்றோரம் நடந்து, கப்பல் பார்த்து, உப்புக் காற்றில் தலை கலைந்து வந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மறுநாள் தறியில் உட்கார்ந்தாலும் முகத்தில் சிரிப்பு. இப்போது நினைத்தால் அதற்குத்தான் வயிறு எரிகிறது. அந்தச் சந்தோஷத்தையும் ஏமாந்துதான் பட்டேனா?

தை கடைசி ஞாயிறு, மூன்றாவது தடவை. மாமாவுக்கு முட்டி வீங்கி இருந்ததால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கிளம்பும்போது இளவரசி பெட்டியைக் குடைந்து என் வளைகாப்புப் புடவையை எடுத்தாள். எலுமிச்சை மஞ்சள். அப்பாவிடம் சொல்லாதே, அவரே கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. ரயில் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். கொக்குகூட எண்ணவில்லை, அவ்வளவு அவசரம்.

மணலில் விரித்துப் பிடித்தோம். நல்ல வெயில், மஞ்சள் கண்ணைப் பறித்தது. நீங்கள் கூப்பிட்டீர்கள். ஸ்பீக்கரில் போட்டேன். புடவை தெரிகிறதா அப்பா, என்ன நிறம் சொல்லுங்கள் என்று கத்தினாள்.

“தெரியுது கண்ணு. செவப்பு பளபளன்னு தெரியுது. தாத்தா செவப்பாச்சே.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். மூன்றாவது கப்பலைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வதற்கு முன்னால் அவள் சொன்னாள்.

“ஆமாம்பா. செவப்புதான்.”

உங்கள் காதில் அது எப்படி விழுந்ததோ தெரியாது. என் காதில் இன்னும் இருக்கிறது. எட்டு வயசுக் குழந்தை, போன மாதம்தான் பல் விழுந்து முளைத்திருக்கிறது, உங்கள் பொய் கீழே விழுந்துவிடாமல் தாங்கிப் பிடித்தாள். திரும்பி வரும்போது கூவத்தோரம் ஒரு கொக்கு பக்கத்திலேயே நின்றது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கையும் மூடவில்லை. ரயிலில் செங்கல்பட்டு தாண்டினதும் என் மடியில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள். “தண்ணி மேல வெயில் பட்டா நெறம் மாறித் தெரியும் இல்லமா?” தெரியும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் மாமா ஆவலாகக் கேட்டார். அப்பா பார்த்துட்டார் தாத்தா என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்துவிடாதே என்கிற பார்வை. அந்த நிமிஷம் நீங்கள் எதிரில் இருந்திருந்தால், புருஷன் என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

மறுநாள் உங்களை அனுப்பிய ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். லோகேஸ்வரன், தகப்பனார் பரமசிவம், காஞ்சிபுரம் என்று இரண்டு தடவை சொன்னேன். ஆடியிலேயே மெடிக்கலில் தள்ளிவிட்டார்கள், சர்க்கரை அதிகம், கப்பலே ஏறவில்லை என்றார் போனை எடுத்த பெண். நான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து ஏனாத்தூருக்குப் போனேன். முதல் தடவை உங்களோடு கப்பலில் இருந்தாரே குமரன், அவர் வீட்டுக்கு. அரை மணி நேரம் மழுப்பினார். நான் எழுந்திருக்கவில்லை. அப்புறம் மெஸ் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பினால் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தீர்களாம். பாப்பா அழுததால்தான் அந்தப் பொய்யாம். உங்களைத் திட்டக்கூடாது என்று வேறு என்னிடம் கேட்டுக்கொண்டார்.

ஏன் திட்டக்கூடாது? சர்க்கரை இல்லாத வீடு நம் தெருவில் எது? என் அப்பாவுக்கு இருக்குது, எதிர்வீட்டில் இரண்டு பேருக்கு இருக்குது, கணக்குப் பார்த்தால் பிள்ளையாருக்கே இருக்கும், அவ்வளவு கொழுக்கட்டை படைக்கிறோம். அதைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் யார் உங்களைத் தின்றுவிடப் போகிறார்கள்? நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், கோதுமை தோசை ஊற்றிக் கொடுத்திருப்பேன். அதுதானே நடந்திருக்கும்? ஏழு மாதமாக மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா, மெஸ்ஸில் மிஞ்சின சோற்றைத் தின்றுவிட்டுப் படுக்கிறீர்களா, ஒரு நாதி இல்லை கேட்க. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் மேல் அக்கறை என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெயிலில் நாங்கள் நின்ற இடத்திலிருந்து உங்கள் மெஸ் மூன்று கிலோமீட்டர். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முட்டி போன உங்கள் அப்பா நடந்தது அதே தூரம்தான். அவர் நடந்தார். உங்களால் முடியவில்லை.

மாமாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. தினம் தறியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நூல் ஓடுகிற நாடாக் கட்டையை நான்தான் தள்ளிக் கொடுக்கிறேன். அவர் சிவப்புப் பெருமையைப் பேசிக்கொண்டே நெய்கிறார், நான் உம் கொட்டுகிறேன். நேற்று இரண்டு இழை தப்பவிட்டேன். மனசு எங்கமா இருக்குது என்றார். மாசித் தேருக்குக் கப்பலில் லீவு கிடைக்குமா என்று உங்களைக் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். பதிலை நீங்களே அவருக்குச் சொல்லிக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன்.

ஆனால் இளவரசி விஷயம் தள்ளிப்போட முடியாது. நேற்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் அப்பா எங்கே வேலை என்று கேட்டதற்கு, தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். கப்பல் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. நான் சொல்லிவிட ஒரு நிமிஷம் ஆகாது. சொல்ல மாட்டேன். உங்களுக்காகப் பொய் சொன்னவள் அவள். அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது நீங்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணி. அதே மணல். எப்போதும்போலக் கூவத்தோரமாக நடந்து வருவோம், கொக்கு எண்ணச் சொல்லி அவளைக் கேட்பேன். மெஸ்ஸில் லீவு இல்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். மாத்திரையைப் போட்டு, ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள், வழியில் மயக்கம் போட்டு விழுந்து அதற்கும் என்னை அலைய விடாதீர்கள்.

பைனாகுலர் வேண்டாம். போனும் வேண்டாம். நாங்கள் இந்தத் தடவை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாலத்துப் பக்கம் பார்த்து நிற்போம். ஒரு புடவை கொண்டு வருவேன். எது என்று உங்களுக்கும் சொல்லவில்லை, மாமாவுக்கும் சொல்லவில்லை. அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. நீங்கள் தொடுகிற தூரத்துக்கு வந்து, அது என்ன நிறம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இளவரசியின் அம்மா
அகிலா