அண்ணியின் குரலில் இன்னும் ஒரு வரி

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் புது ஊரில், புது வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் என்றால் நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பக்கத்தில் நின்று பதில் எடுத்துக் கொடுப்பான், அப்புறம் மூன்று பேரும் கத்துவோம். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

முதலில் அண்ணனுக்குப் பதில். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய 'முறை' கம்பெனியை இழுத்து மூடிவிட்டு அடுத்த மாதம் அங்கே வந்து சேரச் சொல்கிறான். அவன் அலுவலகத்திலேயே எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். ரொம்ப நன்றி. நான் வரவில்லை, மூடவும் மாட்டேன். இதை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் சின்னப் பிள்ளை அடம் பிடிக்கிறது என்பான்.

நீங்கள் கிளம்பிய அன்று நடந்த சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். நீ கதவைச் சாத்திக்கிட்டு செஞ்சுகிட்டே இரு, ஒருத்தரும் வந்து தட்டப் போறதில்ல என்று நீங்கள் சொன்னீர்கள். நீங்க ஊரெல்லாம் கொண்டுபோய்க் குடுங்க, ஒருத்தரும் தொடப் போறதில்ல என்று நான் சொன்னேன். அண்ணி, நாம் இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

நீங்கள் போன பிறகு, காத்திருப்பவர்களை வரிசைப்படி கூப்பிடும் நம் திரையை வைக்க நீங்கள் பிடித்துக் கொடுத்த இடங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போனேன். சித்தப்பா தன் பல் ஆஸ்பத்திரியில் நம் திரையின் மேல் துண்டைக் காயப்போட்டிருந்தார். என்னைக் கண்டதும் துண்டை உருவிவிட்டு பிளக்கைச் சொருகினார். பிரமாதமா ஓடுதும்மா என்றார். உங்கள் தங்கையின் அழகு நிலையத்தில் திரை அட்டைப்பெட்டியை விட்டே வெளியே வரவில்லை. மாமாவின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கல்யாணச் சாப்பாட்டில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்தாலே மண்டபத்தைக் கூட்டுகிற சித்தப்பா, நம் பொருளைப் பற்றி இத்தனை நாளில் ஒரு குறை சொன்னதில்லை. அப்போதே நமக்கு உறைத்திருக்க வேண்டும். அவர்கள் வாங்கி வைத்தது உங்கள் முகத்துக்காக. பிரியம் இருக்கிற இடத்தில் உண்மை வாங்க முடியாது போலிருக்கிறது.

அதனால் நம்மைக் கண்டால் எந்தப் பிரியமும் இல்லாத ஒருவரைத் தேடினேன். நாம் வேலை செய்த அறைக்கு எதிர்ச் சந்தில் நாய் டாக்டரம்மா இருக்கிறாரே, குரைப்புச் சத்தம் தாங்கவில்லை என்று நீங்கள்கூட ஒருமுறை போய்ச் சண்டை போட்டீர்களே, அவரிடம்தான் போனேன். இது இன்னும் அரைகுறைதான், வைத்துப் பார்க்கிறீர்களா, தப்பு வந்தால் திட்டுங்கள் என்று கேட்டேன். திட்டறது எனக்கு நல்லா வரும், வச்சுட்டுப் போ என்றார்.

சொன்னபடியே செய்தார். பூனைக் கூடையோடு வந்த ஒரு அம்மா, பக்கத்தில் ஒரு பெரிய நாய் வந்து உட்கார்ந்ததும் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். முறை வந்ததும் செய்தி போகிற போன் அவருடைய கைப்பைக்கு அடியில். திரையில் நீங்கள் பதிவு செய்து கொடுத்த குரல் "அடுத்து நீங்கதான், உள்ளே வாங்க" என்று கூப்பிடுகிறது, மறுபடி கூப்பிடுகிறது, நிறுத்தாமல் கூப்பிடுகிறது. அவர் வந்தால்தான் வரிசை நகரும். வராதவரைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிட நான் வழியே வைக்கவில்லை. எப்படி வைப்பேன்? அறைக்குள் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் நானே நோயாளி, நானே டாக்டர். கூப்பிட்டால் நான் உடனே வந்துவிடுவேன். வெளியே போய்விட்டு வராத ஆளை நான் பார்த்ததே இல்லை. அறை முழுக்க நாய்கள் ஊளையிட, டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்து பிளக்கைப் பிடுங்கினார். இது வரிசைய நகர்த்துற மிஷினா, நிறுத்துற மிஷினா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கிளிக்கூண்டோடு காத்திருந்த பெரியவர் மறுநாளே வந்து, கிளி வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் உள்ளே வாங்க, உள்ளே வாங்க என்கிறது, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பொருளைப் பார்த்து ஒருவருக்குக் கோபம் வந்திருக்கிறது அண்ணி! அப்படியென்றால் அது அவருக்கு வேண்டியிருக்கிறது.

அதிலிருந்து என் நாள் இரண்டாகிவிட்டது. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. மதியத்துக்குமேல் டாக்டரம்மாவின் பெஞ்சில். ஒருவர் வாயைத் திறந்து சொன்ன குறையைத் தவிர எதையும் காலையில் தொடுவதில்லை. காலையில் சரிசெய்ததை அன்றே பெஞ்சில் யாராவது பயன்படுத்திப் பார்க்காமல் அடுத்ததற்குப் போவதில்லை. சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கலர் கலராகக் காட்டும் படம் ஒன்று செய்தேனே, மழைக்காலம் பூராவும் சாப்பாட்டைக்கூட மறந்து செய்தேனே, அதை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எடுத்துவிட்டேன். எடுத்த அன்று அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது டாக்டரம்மாவின் உதவியாளர் தானே வந்து காலையில் மிஷினைப் போட்டுவிடுகிறார்.

இனி கெட்ட செய்தி. புதுத்தொழில் மையத்தில் நமக்கு இலவசமாக அறை கொடுத்திருந்தார்களே, அங்கே எல்லாரையும் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டார்கள். ஆலோசகர் என்னிடம் செய்யறத நிறுத்தும்மா, இருக்கறத வச்சு ஊரெல்லாம் ஓடு, எண்ணிக்கை காட்டு என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு நிபுணர், அரைகுறையை யாரிடமும் காட்டாதே, ஆறு மாதம் உள்ளே உட்கார்ந்து முழுசாக முடி என்றார். இரண்டு பேருமே டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா, மாமா, உங்கள் தங்கை எல்லாருடைய இடத்தையும் போட்டால் பட்டியல் பார்க்க நன்றாக இருக்குமே என்று ஆலோசகரே வழியும் காட்டினார். நான் ஒரே ஒரு இடம்தான் என்றேன். ஒரு இடத்துக்கு எதுக்கும்மா ஒரு அறை என்று கேட்டார். ஒரு இடம்தான் சார், ஆனா அங்க தினமும் அத ஆன் பண்றது நான் இல்ல என்றேன். அவருக்குப் புரியவில்லை. அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

காலி செய்துவிட்டேன். பொய்க் கணக்குக் காட்டி அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதைவிட இது மேல். இப்போது டாக்டரம்மாவின் பின்கட்டில், நாய்த் தீவன மூட்டைகளுக்கு நடுவில் மேசை போட்டிருக்கிறேன். நீங்கள் எனக்கு வைத்த 'பொந்து எலி' என்ற பேருக்கு ஏற்ற இடம்தான். இதை எழுதும்போது கூண்டிலிருந்து இரண்டு பூனைகள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அண்ணனிடம் இதை மட்டும் சொல்லாதீர்கள், கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

நல்ல செய்தியைக் கடைசியில் வைத்தேன். அன்று தெருவுக்குப் போன பூனைக்கார அம்மா திரும்பி வந்தார், பூனை இல்லாமல். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றை அவர்தான் நிர்வாகம் செய்கிறாராம். காய்ச்சல் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை, இங்கே இப்போது வரிசை ஒழுங்காக நகர்கிறதே, அந்த மிஷின் எங்களுக்கு வேண்டும் என்றார். யாரும் சொல்லி அனுப்பவில்லை, அவர் நமக்கு உறவும் இல்லை. அவராகவே வந்து கதவைத் தட்டினார் அண்ணி. ஒரே நிபந்தனைதான். முதல் சில வாரங்கள் மதியம் முழுக்க அங்கே ஒருவர் உட்கார்ந்து, தாய்மார்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரியாமலே சொல்லிவிட்டேன்.

ஊரின் இந்தக் கோடியில் டாக்டரம்மா, அந்தக் கோடியில் ஆஸ்பத்திரி. என்னை இரண்டாகக் கிழித்தாலும் போதாது. அதுவும் நான் பெஞ்சில் உட்கார்ந்தால் நாய்கூட ஒரு அடி தள்ளி உட்காருகிறது. நீங்கள் உட்கார்ந்தால், தெரியாதவர்கள்கூட வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிவிடுவார்கள். சொந்தக்காரர்கள் பக்கம் மட்டும் போகாமல் இருந்தால் உங்களை மிஞ்ச ஆளில்லை.

கடைசியாக ஒரு வேலை. வராதவரைத் தாண்டி வரிசை நகர இப்போது வழி வைத்துவிட்டேன். ஆனால் போனவர் திரும்பி வரும்போது, இடம் பறிபோய்விட்டது என்று வாசலிலேயே சண்டைக்கு நிற்கிறார். அவருக்கென்று ஒரு வரி வேண்டும். என் குரலில் சொல்லிப் பார்த்தேன், போலீஸ் கூப்பிடுகிற மாதிரி இருக்கு என்றார் டாக்டரம்மா. உங்கள் குரல்தான் வேண்டுமாம். கிளிக்கும் அதுதான் பழகியிருக்கிறது. வரி இதுதான்: "நீங்க வெளியே போயிருந்தீங்க, பரவாயில்ல. உங்க இடம் அப்படியே இருக்கு. உள்ளே வாங்க."

பலமுறை அடித்துத் திருத்தி எழுதிய வரி. கோபமாகச் சொல்லாதீர்கள். அங்கிருந்தே பதிவு செய்து அனுப்பினாலும் சரிதான். ஆனால் போனில் பதிவு செய்தால் அவ்வளவு தெளிவாக இருக்காது என்று நினைக்கிறேன். இங்கே காலை நேரத்தில் குரைப்புச் சத்தம் குறைவு.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் ஓரம், காற்று வருகிறது. அங்கே ஒரு பையை வைத்து, யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூடாத கடையிலிருந்து,
உங்கள் பொந்து எலி