பாதிப் பண்ணைக்கு மட்டும் புது ஆயில்

அக்டோபர் 14, திங்கள்

அறுவடை நன்றி நாள் விருந்து. வாயில் வான்கோழி இருக்கும்போது சொன்னால் அண்ணனின் சத்தம் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். குறையவில்லை.

"குளிர் வர்றதுக்குள்ள எல்லா வண்டிக்கும் சிந்தெடிக் ஆயில் மாத்திடப்போறேன்" என்றேன். எல்லா வண்டியும் என்றால் டிராக்டர் இரண்டு, தானிய லாரி இரண்டு.

அண்ணன் ஓரெஸ்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எதுக்கு? அப்பா காலத்துலேர்ந்து ஒரே ஆயில்தான். எந்த வண்டி செத்துப்போச்சு?"

"போன பிப்ரவரில மாட்டுக்குத் தீவனம் போட முடியாம நின்னோமே, அது என்னவாம்?"

"அது பேட்டரி."

பேட்டரி இல்லை. பக்கத்தில் நின்று கேட்டவள் நான். ஸ்டார்ட்டர் போட்ட முனகல் இன்னும் காதில் இருக்கிறது. ஆயில் தாராய் இறுகிக் கிடக்கும்போது என்ஜின் எப்படிச் சுற்றும்? வடக்கே சுரங்கத்தில் வீடளவு டிரக்குகளை நான் மெக்கானிக்காகப் பார்த்துக்கொண்ட வருடங்களில் அவற்றுக்கு சிந்தெடிக் தவிர வேறு ஊற்றியதே இல்லை. சொன்னேன். "அது கம்பெனிக்காரன் காசு. இது நம்ம காசு" என்றான். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருமடங்கு நாள் ஓடும் என்பதையும் சொன்னேன். அவன் காதில் விழவில்லை.

கடைசியில் கிளெனிஸ் அண்ணிதான் கத்தியால் மேசையைத் தட்டினார். "பண்ணை ஆளுக்குப் பாதிதானே? அவ பாதிக்கு அவ ஊத்தட்டும், உன் பாதிக்கு நீ ஊத்து. இப்ப பூசணி அப்பத்தை யாராவது எடுத்துக்கறீங்களா இல்லையா?"

அப்படியே முடிவானது. முன்வாளி வைத்த சின்ன டிராக்டரும் பழைய லாரியும் என் கணக்கு. பெரிய டிராக்டரும் புது லாரியும் அவன் கணக்கு.

அக்டோபர் 19, சனி

மாற்றிவிட்டேன். பழையது வடிய வடியப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதியது தேன் நிறம். ஊற்றும்போது சத்தமே இல்லை.

ஓரெஸ்ட் பட்டறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். "சாலட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றுவிட்டுப் போனான்.

அக்டோபர் 31, வியாழன்

பழைய லாரி ஒழுகுகிறது.

நவம்பர் 2, சனி

என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சொட்டுகிறது. ஆயிலை உள்ளே தடுத்து நிறுத்தும் பின்பக்க ரப்பர் வளையம், சீல், போய்விட்டது. கீழே அட்டை விரித்து வைத்தேன், காலையில் தட்டு அகலத்துக்கு ஈரம்.

ஓரெஸ்ட் குனிந்து பார்த்தான். பேசாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. "பழைய ஆயில்ல இது ஒழுகிச்சா? சொல்லு, ஒழுகிச்சா?"

ஒழுகவில்லை. அதுதான் எரிச்சல். சீல் எப்போதோ செத்துவிட்டது. பழைய ஆயிலின் கசடுதான் அடைத்துக்கொண்டு நின்றது. புதியது கசடைக் கழுவிவிட்டது, ஓட்டை வெளியே தெரிந்துவிட்டது. இதை அவனிடம் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். எனக்கே சாக்கு மாதிரித்தான் கேட்டது. நான் நினைப்பது சரிதானா? இல்லை, பிடிவாதமா?

சாயங்காலத்துக்குள் கூட்டுறவுக் கடைக் காப்பி மேசை வரைக்கும் செய்தி போய்விட்டது. பெட்ரோல் போடப் போனால் ஒருவன் கேட்கிறான்: "லெசியா, உங்க லாரி ஒண்ணுக்குப் போயிடுச்சாமே?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் கோபம் வந்தது.

நவம்பர் 9, சனி

இந்த வாரம் முழுக்க லாரிக்கு அடியில். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, சீலை வெளியே எடுத்தேன். கையில் எடுத்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. ரப்பர் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.

கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது தனியாக முடியவில்லை. கிளெனிஸ் அண்ணி நல்ல உடுப்பின் மேல் ஓரெஸ்டின் பழைய ஓவரால் போட்டுக்கொண்டு வந்து ஜாக்கைப் பிடித்தார். "என் புருஷன்கிட்ட சொல்லாத. அவனைவிட நான் நல்லாப் பிடிக்கிறேன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவான்."

அட்டை இப்போது காய்ந்திருக்கிறது. நாளையும் பார்க்க வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

காய்ந்தேதான் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. ஊறுகாய் ஜாடி இரண்டில் அவன் ஆயிலும் என் ஆயிலும் ஊற்றி நேற்றே வாசல்படியில் வைத்திருந்தேன். ஞாயிறு சாப்பாட்டுக்கு அவர்கள் வந்தபோது இரண்டையும் கவிழ்த்துக் காட்டினேன். என்னுடையது பாகு மாதிரி இறங்கியது. அவனுடையது நகரவில்லை. அண்ணி கை தட்டினார்.

"ஜாடிக்குள்ள என்ஜினா ஓடுது?" என்றான் ஓரெஸ்ட். "எனக்கு என்ஜின் ஹீட்டர் இருக்கு. ராத்திரி கரண்ட்ல செருகிட்டா காலையில எந்த ஆயிலும் சூடுதான்."

அதில் தப்பில்லை. மின்சாரம் இருக்கிற வரைக்கும் அவன் சொல்வது சரிதான்.

ஜனவரி 6, திங்கள்

பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து, அண்ணன் வீட்டில். கோதுமைக் கஞ்சியில் தேன் கொஞ்சம் தூக்கல். ஆயில் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பண்டிகை ஆயிற்றே.

ஜனவரி 18, சனி

பனிப்புயல். பகல் பாதியில் மின்சாரம் போய்விட்டது. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டதாம், நாளைக்குள் வராது என்கிறார்கள்.

இருட்டுவதற்கு முன்பே இரண்டு டிராக்டர்களின் பேட்டரிகளையும் கழற்றி என் சமையலறையில் விறகடுப்புப் பக்கம் வைத்துவிட்டேன். இரண்டையும். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். நாளைக்கு அவன் பேட்டரி என்ற பேச்சை எடுக்கக் கூடாது. சரி, அது மட்டும் காரணமில்லை. எங்கள் ஜெனரேட்டருக்குத் தனி என்ஜின் கிடையாது, டிராக்டரில் மாட்டினால்தான் ஓடும்; இரண்டில் ஒன்றாவது கிளம்பியாக வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கை பேனாவைப் பிடிக்கிற நிலையில் இல்லை. ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காலை மைனஸ் முப்பத்துமூன்று. காற்று ஓய்ந்திருந்தது. சூடான பேட்டரிகளைக் கொண்டுபோய் மாட்டினோம். ஓரெஸ்ட் முதலில் பெரிய டிராக்டரில் ஏறினான். சாவியைத் திருப்பினான். அதே முனகல். அரைச் சுற்று, நின்றுவிட்டது. மறுபடி. மறுபடி. மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேட்டரி என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சின்ன டிராக்டரில் நான் ஏறினேன். கிளம்பாவிட்டால்? சாவியைத் திருப்பினேன். மெதுவாகத்தான் சுற்றியது, ஆனால் சுற்றியது. ஒரு இருமல், வெள்ளைப் புகை, இன்னொரு இருமல் – பிடித்துக்கொண்டது! கேபினுக்குள் உட்கார்ந்து நான் போட்ட கூச்சல் அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் பரவாயில்லை.

ஜெனரேட்டரை அதன் பின்பக்கச் சுழல்தண்டில் மாட்டப் போனபோது ஓரெஸ்டின் போன் அடித்தது. ட்வைட் பென்னர். அடுத்த பண்ணை, பால்மாடுகள். அவர் பேசியது எனக்கே கேட்டது. "என் டிராக்டர் அசைய மாட்டேங்குது, ஓரெஸ்ட். நேத்து மத்தியானத்துலேர்ந்து கறக்கல. மடி கல்லாட்டம் ஆயிடுச்சு. தண்ணித்தொட்டி எல்லாம் உறையுது. மாடுங்க கத்துற கத்தல்ல என்னால தொழுவத்துக்குள்ள நிக்க முடியல."

ஓரெஸ்ட் போனைக் கையால் மூடிக்கொண்டான். "ஓடுறது இது ஒண்ணுதான். நம்ம வீடு, நம்ம மாடு என்ன ஆகறது?"

"நம்மது கறிமாடு. ஒரு நாள் பனியைத் தின்னும். வீட்டுல விறகு இருக்கு. அவர் பால்மாடுங்களால மடி வலியைத் தாங்க முடியாது. வரேன்னு சொல்லு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு போனில் சொன்னான்: "லெசியா வர்றா."

நாங்கள் வருகிறோம் என்று அவன் சொல்லவில்லை. லெசியா வர்றா என்றான்.

பாதை எங்கே, பள்ளம் எங்கே என்றே தெரியவில்லை. நான் முன்வாளியால் பனியை அள்ளி அள்ளி ஓரம் தள்ள, ஓரெஸ்ட் பக்கத்து ஒட்டு இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு வேலிக்கம்பங்களை எண்ணி வழி சொன்னான். "இன்னும் கொஞ்சம் இடது. ஏய், இடதுன்னா இடது! அங்க கால்வா இருக்கு." எவ்வளவு நேரமோ. சின்ன வயதில் ஒரே பள்ளிப் பேருந்தில் இடித்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது.

பென்னர் தொழுவத்துக்கு வெளியே நின்றிருந்தார். தாடி முழுக்கப் பனிக்கட்டி. மாடுகளின் சத்தம் டிராக்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவருடைய ஜெனரேட்டரில் என் டிராக்டரை மாட்டினேன். விளக்கு எரிந்தது. கறவை எந்திரம் மூச்சு விட ஆரம்பித்தது. பென்னர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆறடி மனிதர். நாங்களும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தோம்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஓடுகிற ஜெனரேட்டரிலிருந்தே ஒரு வயர் இழுத்து, பென்னருடைய டிராக்டரின் ஹீட்டரைச் செருகினேன். கறவை முடிவதற்குள் அது சூடேறி, சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. ஜெனரேட்டரை அதற்கு மாற்றிவிட்டு என்னுடையதை விடுவித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் ஜெனரேட்டரில் அதே வித்தை. பெரிய டிராக்டர் மத்தியானம் கிளம்பியது. "இப்ப வேற யாருக்கு?" என்று கேட்டது ஓரெஸ்ட்தான். மேற்கே கோழிப்பண்ணைக்காரர் இருந்தார். அங்கேயும் போனோம். தன் பெரிய டிராக்டரில் போக அவன் கேட்கவில்லை. என்னோடுதான் வந்தான்.

வரும் வழியில் ஒரே ஒரு தடவை பேசினான். "அந்த ஆயில் எங்க வாங்கின?"

பெருமையாக இருக்கிறது. இதை இங்கேயாவது எழுதிக்கொள்ளலாம். என் கையால் ஊற்றியது, என் முடிவு. பெருமையாக இருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

மின்சாரம் வந்தது. பென்னரின் மனைவி ஒரு வாளி நிறையக் கிரீமும், ரொட்டியும், புகையிட்ட தொத்திறைச்சியும் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒரு மாட்டையும் இழக்கவில்லையாம். இரண்டுக்கு மடிவீக்கம், தேறிவிடும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஓரெஸ்ட் பெரிய டிராக்டரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தானாகவே பழைய ஆயிலை வடிக்க அடி மூடியைத் திறந்துகொண்டிருந்தான். மன்னிப்பு, ஒப்புக்கொள்ளல் எதுவும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கமே இல்லை.

"பின்பக்க சீலைப் பாத்துக்கோ" என்றேன். "சொட்ட ஆரம்பிச்சா திட்டாத."

"சொட்டினா நீ மாத்திக் குடு."

"உன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வா, ஜாக்கைப் பிடிக்க."

"எதுக்கு அவ?" என்றான். நான் புது ஆயில் டப்பாவை எடுக்கப் போனேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அண்ணி சிரித்துச் சிரித்துச் சொன்னார். கூட்டுறவுக் கடைக் காப்பி மேசையில் ஓரெஸ்ட் பாடம் நடத்துகிறானாம். குளிரில் ஆயில் எப்படி இறுகும், கசடு சீலை எப்படி அடைக்கும், எல்லாம். "நாங்க அக்டோபர்லயே யோசிச்சு மாத்திட்டோம்" என்று சொல்கிறானாம்.

"நாங்களா?" என்றேன்.

"நான் எதுவும் சொல்லல. பாவம், அவ்வளவு சந்தோஷமா இருந்தான்."

முதலில் சுருக்கென்றது. இப்போது எழுதும்போது சிரிப்புதான் வருகிறது. நாங்கள் என்றே இருக்கட்டும். பென்னர் அந்த மேசையில்தான் இருந்தாராம், யார் ஊற்றியது என்று அவருக்குத் தெரியும். அவருடைய இரண்டு வண்டிகளும் அடுத்த வாரம் என் பட்டறைக்கு வருகின்றன.

மார்ச் 11, செவ்வாய்

பனி உருக ஆரம்பித்துவிட்டது, முற்றம் முழுக்கச் சேறு. புது டிராக்டர் பார்க்க ஓரெஸ்டும் நானும் நகரத்துக்குப் போனோம். வழக்கம்போல விற்பனைக்காரர் அவன் கையைக் குலுக்கி, அவனைப் பார்த்தே குதிரைத்திறன், தவணை, உத்தரவாதம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் பின்னால் நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழகிப்போனதுதான்.

ஓரெஸ்ட் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினான். "இதையெல்லாம் என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்க பண்ணையில வண்டி வாங்கறது இவதான். இவகிட்ட சொல்லுங்க. நான் போய்க் காப்பி குடிக்கிறேன்."

போயும் விட்டான். விற்பனைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ஜின் மூடியைத் திறங்க" என்றேன்.