விளக்கில் காட்டிய தண்ணீர் பாட்டில்

தருமபுரம், காரைக்கால்

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் ஒன்றுதான் நம் குடும்பத்தோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. லியோனில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி ஆன்லினும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கத் தினமும் ஜெபம் செய்கிறோம். போன் இருக்கும்போது அம்மா ஏன் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்துவிடுவாய், நானும் சிரித்தே கெடுத்துவிடுவேன். எழுதி முடித்ததும் அப்பா படம் பிடித்து அனுப்புவார், பக்கம் முன்பின்னாக வந்தால் அவரைக் கேள்.

போன சனிக்கிழமை எங்கள் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. பூவத்தில் கட்டிய புதுக் கட்டடத்தில் மேளம், பிரியாணி என்று கல்யாணம் மாதிரி செய்தார்கள். இதே தருமபுரத்தில் ஒரு வாடகை வீட்டு அடுப்படியில், பிரஷர் குக்கரில் கண்ணாடிக் குழாய்களை அவித்து நெல்லுக்கு நுண்ணுயிர் உரம் செய்ய ஆரம்பித்தோமே, பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ உள்ளே கடலை வேகிறது என்று மூடியைத் திறக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அந்தக் கம்பெனிதான் இப்போது வாழைக்கும் இறால் குட்டைக்கும் சரக்கு செய்து ஆந்திரா வரைக்கும் லாரி அனுப்புகிறது. அன்றைய விஞ்ஞானிகளில் மிச்சம் நானும் மன்சூர் அலியும்தான். எங்களை மேடையேற்றி, இத்தனை வருஷ வேலை எப்படி இருந்தது என்று மனம்விட்டுப் பேசச் சொன்னார்கள். மன்சூர் அலி முதலில் பேசினார். புயலில் நாலைந்து நாள் கரண்ட் இல்லாதபோது நுண்ணுயிர்களின் தாய் வித்து இருந்த குப்பிகளையெல்லாம் மீன் ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியதையும், அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் லேப் முழுக்கக் கவலை மீன் நாறியதையும் சொல்லிவிட்டு, “பேரப் புள்ளைங்க பேரெல்லாம் மாத்தி மாத்திக் கூப்புடுறேன், பாக்டீரியா பேரு ஒன்னு கூட மறக்கல” என்றார். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி ஆஸியா பீவி தலையில் அடித்துக்கொண்டார், கூட்டம் கைதட்டியது.

அடுத்து நான். ஜூனில் ஓய்வு பெறுகிறேன், ஜூலையில் மகளிடம் போய்ப் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன், எல்லாருக்கும் நன்றி என்று அழகாக ஒரு விடைபெறும் பேச்சு தயார் செய்திருந்தேன், அப்பாகூடத் திருத்திக் கொடுத்தார். மைக் முன்னால் நின்றதும் தொண்டை காய்ந்துவிட்டது. யாரோ தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே குத்துவிளக்கு எரிகிறது. வேலையில் நாங்கள் எந்தக் குப்பியைத் திறந்தாலும் வேண்டாத கிருமி உள்ளே போகாமல் இருக்க, சுண்டுவிரலால் மூடியைப் பிடித்துக்கொண்டு குப்பியின் வாயைத் தீயில் ஒரு சுற்றுக் காட்டுவோம். என் கைக்கு மேடை தெரியுமா, விழா தெரியுமா? நேராகப் போய் அந்த பிளாஸ்டிக் பாட்டிலை விளக்கில் காட்டிவிட்டேன். அது அப்படியே வாயைக் கோணிக்கொண்டு சுருங்கி, தண்ணீர் என் பட்டுப்புடவையில் கொட்டி, ஒரு திரியும் அணைந்தது. பிறகு எங்கள் லேப் ஆட்கள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து சிரிப்பு கிளம்பியது பார், விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. அறுபது வயதில் இப்படிச் சிரிப்பேன் என்று நினைக்கவே இல்லை.

சிரித்து ஓய்ந்தபோது விடைபெறும் பேச்சில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. மனதில் இருந்ததுதான் வாயில் வந்தது. நம் கடலோர வயல்களில் உப்பு ஏறிப் பயிர் கருகுகிறதே, அந்த உப்பிலும் பிழைக்கிற நுண்ணுயிர் நம் முகத்துவாரச் சேற்றிலேயே இருக்கும், அதைத் தேட ஒரு தனி லேப்தான் இல்லை என்று பேசிக்கொண்டே போனேன். முதலாளி அடைக்கலராஜ் சார் கீழேயிருந்து எழுந்து இன்னொரு மைக்கை வாங்கினார். “வருஷா வருஷம் இதத்தான் கேட்டீங்க, நானும் அடுத்த வருஷம் பாக்கலாம்னே சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப கம்பெனி வளந்திருச்சும்மா. அந்த லேப போட்டுத் தர்றேன், ரெண்டு வருஷம் இருப்பீங்களா?” என்றார். நான் “இருக்கேன் சார்” என்றேன். மைக்கில், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. கைதட்டல் அடங்கிய பிறகுதான் உன் நினைவு வந்தது ஜெனிட்டா.

விழா முடிந்து அப்பாவின் ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம். உன்னிடம் வருவதற்காக மூன்று மாதமாக அவர் போனைப் பார்த்துப் பிரெஞ்சு படிக்கிறார், மீன்காரருக்குக்கூட பொன்ழூர் என்றுதான் வணக்கம் சொல்கிறார். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, “அப்ப நான் மட்டும் போயி புள்ளையப் பாத்துக்கிறேன், நீ அந்தச் சேத்துலயே கெட” என்றார். கோபம் மாதிரிதான் இருந்தது, ஆனால் உள்ளே போனதும் என் ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் காப்பி ஃபில்டரை வைத்தார். உன்னைக் குளிப்பாட்டி வளர்த்ததே அவர்தான், ஆன்லினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கோடையில் நானும் ஒரு மாதம் வருவேன். ஆனால் நீ வேலைக்குத் திரும்பும் நாளில் உன் வீட்டில் அம்மா வேண்டும் என்று கேட்டாய், அப்பா வேண்டும் என்று கேட்கவில்லை. அதுதான் என்னைக் குத்துகிறது. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் என் மகளைக் கேட்க வேண்டும் என்று திங்கட்கிழமை சாரிடம் சொல்லிவிட்டேன்.

படிப்பு முடித்த வருஷம் உனக்கு அங்கே வேலை கிடைத்ததும் நான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எனக்குப் புடிச்ச வேல அங்கதாம்மா இருக்கு, விடும்மா” என்றாய். நான் விட்டேன். எனக்குப் பிடித்த வேலை இங்கேதான் இருக்கிறது ஜெனிட்டா. நீயும் என்னை விடு.

சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததைக் கடிப்பாள், கவனம். உங்கள் மூவர் நெற்றியிலும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போன் செய், நான் ஒன்றும் பேசாமல் நீ சொல்வதைக் கேட்கிறேன்.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டு,
அம்மா இசபெல்லா