சிஞ்சு டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம்

அக்டோபர் 7, 2024

ஃபாக்டரி விட்டு வந்து டீ போட்டுக் கொடுத்தால், என் மகள் ஜீவிதா வாயைத் திறந்ததும் "எங்க சிஞ்சு டீச்சர் இருக்காங்கள்ல..." இருக்காங்கடி, இருக்கட்டும்! எட்டாம் வகுப்புக்குப் போனதிலிருந்து இதே பாட்டுத்தான். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துக் கதை முழுக்க என்னிடம் சொல்லுவாள். இப்போது எனக்கே பாடம் நடத்துகிறாள்.

"கண்டது வேற, ஊகிச்சது வேறம்மா. மலையில மஞ்சு மூடியிருக்கு, அது கண்டது. பஸ் லேட்டா வரும்கிறது ஊகம்."

வண்டிப்பெரியாருக்கு வாக்கப்பட்டு வந்து பதினெட்டு வருஷமாச்சு. எனக்கு இந்த மஞ்சுப்பனி தெரியாதாக்கும்! அந்த டீச்சருக்கு வயசே இருபத்தாறுதான்.

அக்டோபர் 9

வீட்டுப்பாடமாம். ஒரு ஆளை மூன்று நாள் கவனிக்க வேண்டுமாம். நோட்டில் இடது பக்கம் கண்டது, வலது பக்கம் ஊகித்தது. யாரைப் பார்க்கிறாய் என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன்" என்று நோட்டை மூடிக்கொண்டாள்.

வேறு யாரு? அந்த மகராசிதான்.

அக்டோபர் 10

நான் பக்கத்தில் போனால் நோட்டு தலையணைக்கு அடியில் போகிறது. வயிறு எரிகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டீச்சர் மேல பிரியமா இருந்தா நல்லதுதான" என்கிறார். இவரிடம் போய்ச் சொன்னேனே.

அக்டோபர் 12

ஜீவிதா தண்ணீர் பிடிக்கப் போனபோது எடுத்துப் படித்துவிட்டேன். தப்புதான்.

டீச்சர் இல்லை. நான்!

"டீச்சர் பேரைச் சொன்னதும் அம்மா பாத்திரத்தை டமால் என்று வைக்கிறார். மூன்று நாளில் ஏழு முறை." "சாஸ்திரமேளாவுக்குப் பேர் கொடுக்கவா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை." கேட்டாளா? என் காதில் விழவே இல்லையே.

வலது பக்கம் ஒரே வரி: "நான் படிப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை."

உள்ளே அந்தச் சாஸ்திரமேளா தாள், அறிவியல் கண்காட்சியாம். குமுளியில், 19ஆம் தேதி. பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் "போகவில்லை" என்று எழுதியிருக்கிறாள்.

அடிப் பாவி மகளே! உன்னப் படிக்க வைக்கத்தான அந்தத் தேயிலைத் தூசிக்குள்ள நின்னு சாகுறேன்!

அக்டோபர் 13

எப்படி ஆரம்பிப்பது? இன்றும் பேசவில்லை.

அக்டோபர் 14

நீ படிப்பது எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். நோட்டைத் திருடிப் படித்ததையும் சேர்த்து. கத்தினாள், அழுதாள். "பிடிக்காம இல்லன்னா பின்ன ஏம்மா அப்படிப் பண்ற?"

"பொறாமைடி. எல்லாத்தையும் இப்ப நீ அவகிட்டதான சொல்ற."

ஜீவிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத நோட்டுல எழுதிக்கவா?"

"எழுதிக்க. அவகிட்டக் காட்டாத."

"நாளைக்குக் காட்டணும்மா. வீட்டுப்பாடம்ல."

மானம் போச்சு. பென்சில் எழுத்தை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 19

காலை ஆறரைக்கு ஜீப் வந்தது. "பத்திரமா கூட்டிட்டு வந்துர்றேங்க்கா" என்று சிஞ்சு டீச்சர் என் கையைப் பிடித்தாள். எல்லாவற்றையும் படித்திருக்கிறாள், முகத்திலேயே தெரிந்தது. ஜீவிதா ஓடிப்போய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். எரிச்சல் இன்னும் போகவில்லை. இதில் ஏன் பொய் எழுத வேண்டும்?

வளைவில் திரும்பும்போது ஜீப்பிலிருந்து ஜீவிதாவின் கை வெளியே வந்து அசைந்தது. கண்டது அவ்வளவுதான். வழியனுப்ப நின்றது ஒன்பது அம்மாக்கள்.

எனக்குத்தான் அசைத்தாள்.